இரண்டாவதாக இறங்கியவர்

என் வீட்டுக்காரர் செத்தது ஒரு ஜவ்வரிசி ஆலையின் கழிவுத் தொட்டியில். அவர் முதலில் இறங்கியவரில்லை. முதலில் இறங்கியவர் உள்ளே மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிவிடலாம் என்று இறங்கியவர்தான் இவர். இரண்டு பேருமே உயிரோடு மேலே வரவில்லை. இதை இப்படி ஐந்து வரியில் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. முன்பெல்லாம் யாராவது கேட்டால், அன்று காலை அவர் டீ குடித்ததிலிருந்து ஆரம்பிப்பேன். கேட்கிறவர்கள் பாதியிலேயே பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குத் தெற்கே. சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடு. வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். கிழங்கு வெட்டியவுடன் ஆலைக்கு வந்துவிடும். நாங்கள் பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து தோலை உரிப்போம், ஆம்பளைகள் அரைவை, வறுவல், லோடு, தொட்டி என்று மற்ற வேலையெல்லாம் பார்ப்பார்கள். அவர் செத்த அதே ஆலையில்தான் அப்போதும் உரித்தேன், இப்போதும் உரிக்கிறேன். "அந்த எடத்துக்கே எப்படித்தான் போறயோ" என்று உச்சுக் கொட்டுகிறவர்களிடம், "நீங்க ஒரு வேல போட்டுக் குடுங்க, நாளைக்கே நின்னுக்கறேன்" என்பேன். அதற்கப்புறம் கேட்க மாட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் இருந்தவரை அது சண்டை போடத்தான் பயன்பட்டது.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிழங்கு அரைத்த தண்ணீரெல்லாம் போய்த் தேங்கும் இடம். மேலே கான்கிரீட் மூடி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வாய், உள்ளே இரும்பு ஏணி. சீசன் தொடங்கும் முன் அடியில் படிந்த சேற்றை அள்ள வேண்டும். வாயைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வரும். திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஒருவர் குனிந்து மோந்து பார்ப்பார். நாற்றம் நின்றிருந்தால் விஷக் காற்று போய்விட்டது, இறங்கலாம். இதுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் அந்தக் காற்று முதலில் மூக்கைத்தான் சாகடிக்குமாம். குனிந்து மோந்தவரின் மூக்கு மரத்துப்போயிருக்கும், தொட்டி நிறையக் காற்று அப்படியே இருக்கும். இது எனக்கு அவர் செத்த பிறகுதான் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தவர்களுக்கெல்லாம் முன்னாலேயே தெரியும் என்று தெரிந்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அவர் செத்த மூன்றாம் நாள் ஊர் முக்கில் பிளக்ஸ் கட்டினார்கள். எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து என்னை வெட்டிவிட்டு, மாலை போட்ட கழுத்தோடு அவரை மட்டும் பெரிதாக்கி, "சக தொழிலாளியின் உயிர் காத்த உத்தமர்" என்று போட்டிருந்தார்கள். என் மாமியார் தினமும் அதன் முன்னால் போய் நின்றுவிட்டு வருவார். எனக்கும் அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் இன்னொருவன் இருந்தான், என் கொழுந்தன். அண்ணனுக்கு ஒன்பது வயசு இளையவன். கருமாதி முடிந்த அடுத்த வாரமே அதே ஆலையில், அண்ணன் பார்த்த அதே தொட்டி வேலைக்குச் சேர்ந்தான். "ஏஞ்சாமி, வேற வேலையே இல்லையா உனக்கு" என்று மாமியார் அழுதார். "அண்ணன் பாத்த வேல அம்மா" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு என் வயிற்றில் ஏறி உட்கார்ந்த பயம், அடுத்த இரண்டு வருஷமும் இறங்கவில்லை. அப்புறம் நான் கூட்டங்களில் பேச மைக்கைப் பிடித்தது ஊருக்காக என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஊருக்காகவெல்லாம் இல்லை. இந்த ஒருத்தன் தொட்டியில் குதிக்கக் கூடாது என்பதற்காக.

தொழிற்சாலைகளைப் பார்வையிட வரும் அதிகாரியம்மா ஒருத்தர் இருந்தார். "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று என்னைக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார். எழுதியும் கொடுத்தார், இரண்டு பக்கம். நச்சு வாயு, பிராணவாயுக் குறைபாடு, பாதுகாப்பு உபகரணங்கள் என்று வழுவழுவென்று இருந்தது. எங்கள் ஆலை முற்றத்தில் தகர நாற்காலி போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். வாசித்தேன். என் குரல் ஸ்பீக்கர் குழாயில் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. மைக்செட்டுக்காரர் நடுவில் வந்து, "ஏனுங்க்கா, மைக்குல மூச்சு உடாதீங்க, புயலடிக்கற மாதிரி இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது ஒன்றைத்தான் அன்று அவர்கள் கவனித்துக் கேட்டார்கள்.

முடித்ததும் தொட்டி மேஸ்திரி எழுந்தார். ஐம்பது தாண்டிய ஆள், ஒட்டின கன்னம், எதற்கும் அசராத முகம். "அம்மிணி, நல்லாப் படிச்ச. ஆனா நான் முப்பது வருசமா எறங்கறனுங்க. நாத்தம் இருந்தா எறங்க மாட்டோம், நின்னா எறங்குவோம். உன்ற ஊட்டுக்காரருக்கு அன்னிக்கு நேரஞ் சரியில்ல. அதுக்குப் பேப்பரு என்ன பண்ணும்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையில் இருந்த இரண்டு பக்கத்திலும் அவருக்குப் பதில் இருந்தது, ஆனால் எந்த வரியில் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே வடை வந்துவிட்டது. கூட்டம் எழுந்து போய்விட்டது. கொழுந்தனும் வடை வாங்கத்தான் போனான்.

அடுத்த கூட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு ஆலையில். அங்கே பேச்சே வேறு மாதிரி, நான் வாய்க்கு வாய் "ங்க" போடுவதைக் கேட்டு இரண்டு பொண்ணுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இந்தத் தடவை பேப்பரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். அவர் எப்படி யோசிக்காமல் இறங்கினார், அடுத்தவன் உசுரைத் தன் உசுராக நினைத்தவர் என்று என்னென்னவோ சொன்னேன். கூட்டமே அழுதது. சிரித்த பொண்ணுகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதிகாரியம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே குளிர்ச்சி. பேசத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒரு இளவட்டம் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அக்கா, உங்க வீட்டுக்காரரு மாதிரி நாங்களும் ஒருத்தர ஒருத்தர் விட மாட்டோம்க்கா. யாராச்சும் விழுந்தா நான்தான் முதல்ல குதிப்பேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே சொன்னான். அவனை உட்கார வைத்து என்ன சொல்வது என்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன். வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். சாகக் கூடாது என்று சொல்லப் போனவள், சாகிறதுக்கு ஆள் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கொழுந்தனுக்குச் சோறு போட்டுக்கொண்டே இதைச் சொன்னேன். அவன் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. "அவன் சொன்னதுல என்ன அண்ணி தப்பு? அண்ணன் வேடிக்க பாத்துக்கிட்டு நின்னிருந்தா ஊரு என்ன பேசியிருக்கும்? நானும் நிக்க மாட்டேன்" என்றான். மாமியார் அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். ஊற்றும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். ஒரு மகனை அந்தத் தொட்டி தின்றது போதாதா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. கத்தி யாரையும் எதையும் நம்பவைக்க முடியாது என்று அதற்குள் கொஞ்சம் புரிந்திருந்தது.

உரிக்கிற இடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருத்தி. என்னைவிட ஆறேழு வயசு இளையவள், அதே ஆலையில் மோட்டார் பார்க்கிறவரின் பெண்டாட்டி. வாய்த்துடுக்கில் எனக்கு அக்கா. அவளிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். "சரி, என்னைய அந்தக் கூட்டம்னு நெனச்சுப் பேசுங்க்கா பாக்கலாம்" என்றாள். கிழங்கு உரித்துக்கொண்டே பேசினேன். கத்தி ஓடுகிற வேகத்துக்குப் பேச்சும் ஓடியது. அவள் ஒரு கிழங்கை எடுத்து என் மடியில் போட்டு, "உத்தமரு, தியாகம்னு சொல்றப்பெல்லாம் எனக்குக் காது மூடிக்குதுங்க்கா. கோயில் விசேசத்துல மைக்குல கேக்கற மாதிரி இருக்குது. அன்னிக்கு என்ன நடந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அந்தச் சீசன் முழுக்க அவள்தான் என் கூட்டம். சுற்றி இருந்த மற்ற பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களைப் போலக் கல்நெஞ்சுக் கூட்டம் எந்த மேடையிலும் எனக்கு வாய்த்ததில்லை. அழுதால், "தண்ணியக் குடிச்சுட்டு மறுக்கா மொதல்ல இருந்து" என்பார்கள். இங்கிலீஷில் அந்தக் காற்றின் பேரைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நானே பதிலையும் சொன்னால், "அப்புறம் எங்கள எதுக்குக் கேட்ட?" என்று மடக்குவார்கள். அப்படித்தான் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன். சும்மா இருப்பது பேசுவதைவிடக் கஷ்டம். என்னை மாதிரி ஆளுக்கு ரொம்பக் கஷ்டம்.

ஒரு நாள் அவள்தான் கேட்டாள். "ஏனுங்க்கா, அந்தப் பிளக்ஸுல உயிர் காத்த உத்தமர்னு போட்டிருந்தாங்களே. யாரு உயிரக் காத்தாரு?" விளையாட்டாகத்தான் கேட்டாள், குத்துவதற்கு இல்லை. கத்தி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அந்த வரியைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். யார் உயிரை? முதலில் இறங்கியவர் செத்துவிட்டார். இவரும் செத்துவிட்டார். காப்பாத்தப் போனார் என்பதை ஊர் காப்பாத்தினார் என்று மாற்றிக்கொண்டது, நாங்களும் அதை அப்படியே விழுங்கிவிட்டோம். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் சங்கடமாகப் போய், "தப்பாக் கேட்டுட்டனுங்களா" என்றாள். "இல்ல அம்மிணி, சரியாத்தான் கேட்ட" என்றேன்.

ஆயுத பூஜை அன்று ஆலையில் எல்லோருடைய குடும்பமும் வரும். மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுப்பார்கள், புதுத் துணியில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும். பூஜை முடிந்ததும் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று நானே போய்க் கேட்டேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார்க்காரர், அதுதான் அவள் வீட்டுக்காரர், "அக்கா பேசட்டும்" என்று போய் அதை நிறுத்திவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். முன் வரிசையில் என் மாமியார். பின்னால் தொட்டி ஆட்களோடு கொழுந்தன். மேஸ்திரி பொரி மென்றுகொண்டிருந்தார்.

கூட்டத்தைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். "ஏனுங்க மேஸ்திரி, உள்ள ஒருத்தரு உழுந்து கெடந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அவர் பொரியை மென்று விழுங்கிவிட்டு, "மூச்சப் புடிச்சுக்கிட்டு எறங்கித் தூக்கிருவனுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லா ஆலையிலும் எல்லாரும் சொல்வது இதுதான். லோடு ஏற்றும் மேடையைக் காட்டினேன். "அந்த மேடையில இருந்து மூச்சப் புடிச்சுக்கிட்டு எறங்குங்க. கீழ ஒரு மாவு மூட்ட கெடக்குது. ஒரு ஆளு எடைதான் இருக்கும். தூக்கிக்கிட்டு மறுக்கா மேல ஏறுங்க. ஏறி முடிக்கற வரைக்கும் மூச்சு உடக் கூடாது" என்றேன்.

சீட்டி அடித்தார்கள். மேஸ்திரிக்கு ரோஷம் வந்து வேட்டியை மடித்துக் கட்டினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு நாலு படி இறங்கினார். மூட்டையைப் புரட்டி, முதுகுக்கு ஏற்ற முயன்றார். முகம் கறுத்துச் சிவந்தது. முதல் படியில் காலை வைத்தவர் "ஹா" என்று வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும் வரை நான் நின்றேன்.

"இப்ப இழுத்தீங்க பாருங்க ஒரு மூச்சு. அங்கதானுங்க எங்க ஊட்டுக்காரரு செத்தாரு. அந்த ஒரு மூச்சுலதான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். நான் அழவில்லை. அன்று நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். மோந்து பார்த்தது, நாற்றம் நின்றிருந்தது, முதல் ஆள் விழுந்தது, இவர் இறங்கியது. நடுவில், மூக்கை நம்பாதீங்க என்றும் ஒரு வார்த்தை சொன்னேன். அப்புறம் பிளக்ஸில் எழுதியிருந்ததைச் சொல்லி, "யாரு உயிரக் காத்தாருங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு மறுபடியும் சும்மா நின்றேன். முன் வரிசையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டேன். "எங்க ஊட்டுக்காரரு யாரையும் காப்பாத்துலீங்க. அவரு எறங்குனதுல ஒருத்தருக்கும் ஒரு நன்மையுமில்ல. ஒரு சாவு ரெண்டு சாவாச்சு. நல்ல மனுசன், தப்புப் பண்ணிட்டாரு. நாளைக்கு யாராச்சும் உள்ள உழுந்தா குதிக்காதீங்க. உழுந்தது உங்க தம்பியாவே இருந்தாலும் குதிக்காதீங்க. வெளிய நின்னு காத்தாடியப் போட்டு உள்ள நல்ல காத்த அடிங்க, பயர் சர்வீஸக் கூப்புடுங்க, நில்லுங்க. நிக்கறதுக்குத்தானுங்க தைரியம் வேணும்."

கை தட்டினார்கள். முதலில் தட்டியது உரிக்கிற பொம்பளைகள் பக்கம்தான். என் பக்கத்துக்காரி கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள், பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். மேஸ்திரி வந்து, "இனிமேட்டு நான் இருக்கற வரைக்கும் இங்க எவனும் ரெண்டாவது எறங்க மாட்டான் அம்மிணி" என்றார். நான் ஜெயித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது முன் வரிசையில் என் மாமியாரின் நாற்காலி காலியாக இருந்தது.

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஐந்து மாசம். ஒரே ஒரு தடவை, என்னிடமில்லாமல் சுவரிடம் சொல்வதுபோல, "என்ற பையன் வீணாச் செத்தான்னு ஊரக் கூட்டிச் சொன்னவ" என்றார். நான் சொன்னது அதுதானே. மறுக்க என்னால் முடியவில்லை. கொழுந்தன் என்னைத் திட்டவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவன் மனசுக்குள் அது இறங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியவே இல்லை. தினமும் சாயங்காலம் அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும் வரை எனக்குக் கை ஓடாது.

மாசி மாசம், மத்தியானச் சாப்பாடு முடிந்து நாங்கள் மறுபடி உரிக்க உட்கார்ந்த நேரம். தொட்டிப் பக்கம் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவளுக்கு மறுபடி அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்துக்காரியும் ஓடி வந்தாள். ஓடும்போது சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை, கொழுந்தன் பேர்தான் வந்தது.

தொட்டி வாய்க்கு முன்னால் மேஸ்திரி என் கொழுந்தனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தார். அவன் திமிறிக்கொண்டிருந்தான், அப்புறம் நின்றுவிட்டான். இன்னும் மூன்று நாலு பேர் சுற்றி நின்றார்கள். ஒருத்தர் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஒருத்தர் காற்றாடியின் ஒயரை இழுத்துக்கொண்டு ஓடினார். ஒருத்தரும் இறங்கவில்லை. கொழுந்தனைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். சுத்தமான சந்தோஷம். இவன் மேலே இருக்கிறான், உசுரோடு இருக்கிறான். உள்ளே யார் என்று கேட்கக்கூட எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை.

உள்ளே இருந்தது மோட்டார்க்காரர். தண்ணீர் இழுக்கும் குழாயின் வாயில் திப்பி, அரைத்த கிழங்கின் சக்கை, அடைத்துக்கொண்டதாம். இரண்டு நிமிஷ வேலை என்று கயிறுகூடக் கட்டாமல் இறங்கியிருக்கிறார். மோந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார் என்றார்கள். குதிக்காதே என்று நான் சொன்னது எல்லோர் மனசிலும் நின்றது. மூக்கை நம்பாதே என்று சொன்னது நிற்கவில்லை. அதை நான் போகிற போக்கில் சொல்லிவிட்டேன், அது என் தப்பு. அவர் பெண்டாட்டி, என் பக்கத்துக்காரி, தொட்டி வாய்க்குக் கிட்டே போகாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "எறங்குங்களேன், யாராச்சும் எறங்குங்களேன்" என்று அவள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். என் கொழுந்தனையும் பார்த்துக் கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பயர் சர்வீஸ் வண்டி வந்து, முகமூடி போட்ட ஆள் இறங்கி அவரைத் தூக்கி வந்தபோது உயிர் மிச்சமில்லை.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வாசற்படியில் உட்கார்ந்து, "கொஞ்ச நேரம் கை அசைஞ்சுது அண்ணி. நான் பாத்தேன். அப்பறம் அசையல" என்றான். என் மாமியார் வந்து அவன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றார். ஐந்து மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, "சோத்தப் போடு சாமி" என்றார். என்னைத்தான் சாமி என்றார். எனக்கு அழுகை வந்தது, அது எதற்கு வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த நாள் எழவு வீட்டுக்குப் போனேன். அதிகாரியம்மா வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க பேசினதால நேத்து மூணு நாலு உயிர் பிழைச்சிருக்கு, அதை மறந்துடாதீங்க" என்றார். அது நிஜம். அடுத்த மேடையில் நான் சொல்லப்போவதும் அதுதான். உள்ளே அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குதிச்சிருந்தா ரெண்டாயிருக்கும். எனக்குத் தெரியுமுங்க்கா. அந்தப் பேச்ச உங்களுக்குத் திருத்திக் குடுத்ததே நாந்தானே" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "உங்க ஊட்டுக்காரரு தப்புப் பண்ணுனாருன்னு சொன்னீங்க. ஆனா அந்த மொத ஆளு சாகறப்ப, ஒருத்தரு தன்னையத் தூக்க வாராருன்னு பாத்துக்கிட்டே செத்திருப்பாரில்லீங்களா. எங்க ஊட்டுக்காரரு மேல பாத்தா, எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தாங்க."

கூட்டத்தில் எவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லப் பழகியவள் நான். இதற்கும் ஏதோ ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் மயங்கியிருப்பார், ஒன்றும் பார்த்திருக்க மாட்டார் என்று சொல்லலாம். கை அசைந்தது என்று கொழுந்தன் சொன்னது எனக்குள் கிடந்தது. சொல்லவில்லை.

பந்தலில் கொழுந்தன் நாற்காலிகளை எடுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க கொழுந்தனாரு எறங்காம நின்னதுல உங்களுக்குச் சந்தோசந்தானுங்களே?"

நம்பவைக்கிற மாதிரி எத்தனையோ பேசியிருக்கிறேன். அன்று ஒரே ஒரு பொய் சொல்லி அவளை நம்பவைக்க என்னால் ஆகவில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிடித்திருந்த என் கையை மெதுவாக என் மடியில் வைத்துவிட்டு, தன் கையை எடுத்துக்கொண்டாள்.